ஸ்பாடினாவில் வாங்கிய கசாயம்

"என்ர மனுசனைக் கொண்ட சீனனைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ அண்ணை."

இராஜேஸ்வரி இதைச் சொல்லிவிட்டுக் கைப்பைக்குள் இருந்து ஒரு பொதியை எடுத்து மேசையில் வைத்தாள். சீனி வருத்தத்துக்கென்று அந்தச் சீனன் கொடுத்ததாக அவள் சொன்ன, இளஞ்சிவப்புத் தாளில் மடித்து நூலால் கட்டிய மருந்துப் பொதி. மண்ணும் மரப்பட்டையும் கலந்த ஒரு வாசம் அறை முழுக்கப் பரவியது.

பார்லிமென்ற் வீதியில், ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது கிறிஸ்துநாயகத்தின் துப்பறியும் அலுவலகம். யாழ்ப்பாணத்தில் பொலிஸ் இன்ஸ்பெக்டராக இருந்த மனிதர். ரொறன்ரோவில் அவரைத் தேடி வந்த வழக்குகளில் பாதி, கலியாணம் பேசிய மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே எங்கேயாவது பெண்சாதி இருக்கிறாளா என்று பார்த்துச் சொல்லும் வழக்குகள். 1988ஆம் ஆண்டு மாசி மாதத்து அந்த வெள்ளிக்கிழமைக் காலையில்தான் கொலை என்ற பேச்சு முதல் தடவையாக அந்த அறைக்குள் வந்தது.

"சீனி வருத்தத்துக்குச் சீன வைத்தியம்," என்று பொதியை முகர்ந்து பார்த்தாள் அவருடைய உதவியாளர் புஸ்பராணி. "பேர்ப்பொருத்தமாவது இருக்கு சேர்."

புஸ்பராணி மட்டக்களப்புக்காரி. அங்கே அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தட்டெழுத்து வேலை பார்த்தவள். விரல்கள் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. கிறிஸ்துநாயகம் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் பொதியை வைத்துவிட்டுக் குறிப்பெடுக்கத் தொடங்கினாள்.

இராஜேஸ்வரி சொன்ன கதை இதுதான். அவள் கணவன் கனகசிங்கத்துக்குப் பத்து வருடமாக நீரிழிவு. ஆனாலும் ஆள் திடமாகத்தான் இருந்தான்.

"போன சித்திரையில இமிக்கிறேசன் மெடிக்கல் செய்தவர் அண்ணை. பாஸ். சிறுநீரில சீனியும் இல்லை, வேற ஒரு பிழையும் இல்லை எண்டு டொக்டரே சொன்னவர். அதுக்குப் பிறகுதான் ஆரோ கதை குடுத்து ஸ்பாடினாவில ஒரு சீனனிட்டப் போகத் தொடங்கினார். சீனி வருத்தக்காரருக்குக் கிட்னியைக் காக்கிற மருந்தாம். நானே என்ர கையால நெடுகக் காய்ச்சிக் குடுத்தன். மார்கழியில ரெண்டு கிட்னியும் செத்து, ஆளும் போட்டார்."

"எந்தக் கடை?"

"தெரியாது. தனியத்தான் போய்வருவார்."

"பொலிசுக்குப் போகாம ஏன் என்னட்ட வந்தனீங்கள் தங்கச்சி?"

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். "மகனுக்காகத்தான். வாகீசன் புரட்டாதியிலதான் ஊரிலயிருந்து வந்தவன். தேப்பனோட இருந்தது மூண்டு மாசம் இல்லை. பிறம்ரனில வெயர்ஹவுஸ் வேலை. சனிக்கிழமையெண்டாத் தேப்பன்ர படத்தையும் கொண்டு ஸ்பாடினாவில கடை கடையாத் திரியிறான். அவன் அந்த ஆளைக் காணமுதல் நீங்கள் காணவேணும். கண்டு பொலிசில குடுங்கோ. அவன் ஏதும் செய்துபோட்டு ஜெயில் மறியலுக்குப் போனா எனக்கு வேற ஆர் இருக்கினம்?"

கிறிஸ்துநாயகம் பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாளில் கடையின் பெயர் இல்லை. ஸ்பாடினாவிலும் டன்டாஸிலும் மருந்துக் கடைகளுக்குக் குறைவில்லை.

"அந்தக் கடையைப் பற்றி ஏதும் சொல்லுவாரோ? பகிடி, புறுபுறுப்பு, எதெண்டாலும் பரவாயில்லை."

அவள் யோசித்தாள். "மற்றச் சனத்துக்கெல்லாம் கைப்புப் போக மருந்தோட இனிப்புக் குடுப்பினமாம். தனக்கு மட்டும் உப்புப் போட்ட தோடம்பழத் தோலாம், ஒரேஞ்சுத் தோல். சின்னப் பிள்ளை மாதிரிச் சொல்லிச் சொல்லிக் குறைப்படுவார்."

அவள் முகத்தில் ஒரு சிரிப்புத் தொடங்கி, பாதியில் நின்றுபோனது.

"அது காணும்," என்று கிறிஸ்துநாயகம் எழுந்து கோட்டை மாட்டினார்.

கார்ல்ரன் ஸ்ரீற்காரில் ஏறி உட்கார்ந்ததும் புஸ்பராணி கேட்டாள்: "தோடம்பழத் தோலை வச்சுக் கடையைப் பிடிக்கலாமோ சேர்?"

"நீர் ஒவ்வொரு கடையாப் போய், எனக்குச் சீனி வருத்தம், மருந்து தாங்கோ எண்டு கேளும். இனிப்புத் தந்தா அது எங்கட கடை இல்லை."

"கலியாணம் ஆகாத பெட்டைக்கு ஊரெல்லாம் சீனி வருத்தம் எண்டு பேர் வாங்கித் தாறீங்கள். பரவாயில்லை. வாற மாப்பிள்ளை இனிப்பான ஆளா இருக்கட்டும்."

முதற் கடையில் அவளுக்குக் கைநிறைய வேர்களும் ஒரு சின்னப் பெட்டி முந்திரிகை வற்றலும், அதாவது உலர்ந்த திராட்சையும், கிடைத்தன. அடுத்த கடையில் சர்க்கரை பூசிய வட்ட மிட்டாய். மூன்றாவது கடையின் கண்ணாடி அலுமாரியில் ஒரு கதவு உடைந்து, மட்டையால் மறைத்திருந்தது. நிலத்தின் ஓரமாக ஒன்றிரண்டு கண்ணாடித் துண்டுகள் இன்னும் மின்னின.

"போன சனிக்கிழமை ஓர் இளைஞன் வந்தான்," என்றார் கடைக்காரர். "ஒரு படத்தைக் காட்டினான். தெரியாது என்றேன். போத்தல்களைக் கையால் தட்டிவிட்டான். பிறகு அவனே குந்தியிருந்து கண்ணாடியைப் பொறுக்கினான். விரல் வெட்டி இரத்தம். உங்கள் நாட்டு முகம்தான்."

"பொலிசைக் கூப்பிட்டீர்களா?"

"பொறுக்கும்போது அழுதான்," என்றார் கடைக்காரர்.  பிறகு புஸ்பராணியின் பொதிக்கு மேல் மறக்காமல் இரண்டு மிட்டாய் வைத்தார்.

வெளியே வந்ததும் அவள் மிட்டாயை வாயில் போடவில்லை. "வரிசையா வாறான் சேர். நாளைக்கு அடுத்த கடை."

அடுத்த கடை நிலத்துக்குக் கீழே இருந்தது. பனி உருகி வழுக்கிய படிகளில் இறங்கினார்கள். எதிரே சுவர் முழுவதும் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். முகப்பு மேசைக்குப் பின்னால் ஒரு வயதான மனிதர், பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க அவருடைய மகள். பெரியவருக்குக் கன்ரன் மொழி மட்டுமே. மகள் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னாள். வாசலில் இருந்த பலகை சொன்னபடி, வைத்தியர் லியூங்.

புஸ்பராணி தன் பாடத்தை ஒப்புவித்து முடிக்கவில்லை, லியூங் அவள் கையைப் பிடித்து நாடியில் மூன்று விரலை வைத்தார். கண்ணை மூடினார். மகளிடம் ஏதோ சொன்னார்.

"உங்களுக்கு நீரிழிவு இல்லையாம்," என்றாள் மகள். "தூக்கம் குறைவாம். பேச்சு அதிகமாம்."

"அதுக்கு மருந்து இருக்கா எண்டு கேளுங்க சேர்," என்று புஸ்பராணி தமிழில் முணுமுணுத்தாள்.

கிறிஸ்துநாயகம் மேசையில் இருந்த இரண்டு கண்ணாடிச் சாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் முந்திரிகை வற்றல். மற்றதில் உப்புப் பூத்துச் சுருண்ட தோடம்பழத் தோல்.

"இது யாருக்கு?"

"இனிப்புச் சாப்பிடக் கூடாதவர்களுக்கு. அப்பாவின் வழக்கம்."

அவர் இராஜேஸ்வரி தந்த கனகசிங்கத்தின் படத்தையும் மருந்துப் பொதியையும் மேசையில் வைத்தார். லியூங் படத்தைக் கையில் எடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். யாரும் எதையும் சொல்வதற்கு முன்பே அவர் கேட்டதை மகள் மெதுவாக மொழிபெயர்த்தாள்.

"எப்போது இறந்தார்?"

"மார்கழியில்," என்றார் கிறிஸ்துநாயகம். "உங்கள் மருந்துதான் காரணம் என்கிறார் மனைவி."

மகளின் முகம் சிவந்தது. பெரியவர் கோபப்படவில்லை. இராஜேஸ்வரியின் பொதியைத் தன் பக்கம் இழுத்து, நூலை அவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். ஐஸ்கிறீம் குச்சி போன்ற மஞ்சள் சீவல்கள். கறுத்து ஒட்டும் ஒரு கிழங்கு.

"இது உடம்புக்குப் பலம் தரும் வேர். இது கிழங்கு. எல்லாம் நான் கொடுத்ததுதான். எஞ்சியிருப்பதைக் காவல் காக்கும் மருந்து. போனதைத் திருப்பித் தராது. இதை அவருக்கு ஒவ்வொரு தடவையும் சொன்னேன்."

"முதல் தடவை எப்போது வந்தார்? சித்திரைக்குப் பிறகா?"

மகள் தலையை அசைத்தாள். "இல்லை. எங்கள் புத்தாண்டு அன்று. போன வருடம் தை மாதக் கடைசி. வெளியே சிங்க நடனம். கடை பூட்டியிருந்தது. பனியில் ஒரு காலில் பூட்சும் மறுகாலில் வீட்டுச் செருப்புமாக நின்றார். கால் வீங்கி, பூட்ஸ் ஏறவில்லை. அப்பா பாவப்பட்டுக் கதவைத் திறந்தார்."

லியூங் தன் பெருவிரலால் மேசையை அழுத்திக் காட்டினார். "இப்படிக் காலை அழுத்தினேன். குழி மறையவேயில்லை. சிறுநீர் நுரைக்கிறதா என்று கேட்டேன். பியர் ஊற்றியதுபோல என்றார். அன்றே சொன்னேன், ஆஸ்பத்திரிக்குப் போ என்று. கடிதம் வரட்டும், பிறகு போகிறேன் என்றார். வருகிறபோதெல்லாம் நான் அதையே சொல்வேன். அவரும் அதையே சொல்வார்."

"சித்திரையில்?"

"அப்போது வடை கொண்டுவந்தார்," என்றாள் மகள். "குடிவரவுக்கான வைத்தியச் சோதனையில் தேறிவிட்டேன், சிறுநீர் சுத்தம் என்று ஒரே சந்தோசம். அப்பா பயங்கரமாகத் திட்டினார். வடையைத் தொடவில்லை."

"உங்கள் மருந்தில் சுகப்பட்டிருக்கலாம் அல்லவா?"

லியூங் அந்தக் கேள்வியை மகள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு தன் கடையைச் சுற்றிக் கையைக் காட்டினார்.

"அந்த நிலையில் இருந்த சிறுநீரகத்தைச் சுத்தமாக்கும் மருந்து என்னிடம் இருந்தால், நான் நிலத்துக்குக் கீழே கடை வைத்திருப்பேனா? அன்றைக்கும் கால் வீங்கித்தான் இருந்தது. அன்றைக்கும் நுரை இருந்தது."

படி ஏறும்போது கிறிஸ்துநாயகம் திரும்பிப் பார்த்தார். பெரியவர் படத்தைக் கொடுக்க மறந்து இன்னும் கையிலேயே வைத்திருந்தார்.

திரும்பும் ஸ்ரீற்காரில் கூட்டம் இல்லை. புஸ்பராணி குளிரில் கையைத் தேய்த்தாள்.

"ஒரே மனுசன். ஒரே மாசம். சீனருக்கு நுரை தெரியுது, கனடா டொக்டருக்குத் தெரியேல்லை. ஆர் பொய் சொல்றது சேர்?"

"ரெண்டு பேரும் உண்மைதான் சொல்லுகினம். சீனர் பார்த்தது கனகசிங்கத்தை. டொக்டர் பார்த்தது போத்தலை."

அவள் சிரித்தாள். "அப்ப வேற ஆற்றையோ தண்ணியைக் கொண்டுபோயிருக்கிறார். இமிக்கிறேசனுக்கே காது குத்தின மனுசன்! இரவல் சேலை கேள்விப்பட்டிருக்கன், இரவல்..."

"புஸ்பராணி. அந்த நேரம் அந்த வீட்டில எத்தனை பேர்?"

"மகன் வரேல்லை. அவரும்..." அவள் வாய் திறந்தபடி நின்றது. 

சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடி. கதவைத் திறந்த இராஜேஸ்வரி இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். மகன் வேலையால் வரும் நேரம் என்று அடுப்பில் சோறு வைத்திருந்தாள்.

"கண்டனீங்களோ அண்ணை? பிடிச்சுக் குடுத்தியளோ?"

"கண்டம். இருங்கோ தங்கச்சி." கிறிஸ்துநாயகம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் நூறு பேரிடம் கேள்வி கேட்டவர். இந்தக் கேள்வியைத் தணிந்த குரலில்தான் கேட்டார். "போன சித்திரை மெடிக்கலுக்குப் போன அந்தச் சிறுநீர் ஆரின்ர?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக் கொதிக்கும் சோற்றுச் சட்டியின் மூடியை நகர்த்தினாள்.

"என்ர," என்றாள் அவள்.

பிறகு அணை உடைந்ததுபோல வந்தது. "ஆமி பொடியளை லொறி லொறியா ஏத்தின வருசம் அண்ணை. ஒவ்வொரு கடிதத்திலயும் பக்கத்து வீட்டுப் பிள்ளை, முன்வீட்டுப் பிள்ளை எண்டு ஒரு பேர் இருக்கும். இவருக்குக் கிட்னி பழுதெண்டு தெரிஞ்சா காயிதத்தை மறிப்பாங்கள், அவருக்கு மறிச்சா மகனுக்கும் வராது எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இமிக்கிறேசனுக்குத் தெரிஞ்சிடும் எண்டு இவருக்குப் பயம். அண்டைக்கு விடிய ஒரு ஜாம் போத்தலைக் கழுவிக்கொண்டு வந்து, தாரும் இராஜேஸ், உம்மட உடம்பையாவது கனடா பாத்துச் சந்தோசப்படட்டும் எண்டார். எனக்குச் சிரிப்பு அடக்கேலாமப் போச்சு. அவரும் சிரிச்சார். இந்த நாட்டுக்கு வந்து நாங்கள் ரெண்டு பேரும் அப்பிடிச் சிரிச்சது அண்டைக்குத்தான். சிரிச்சுக்கொண்டு குடுத்தனான் அண்ணை."

புஸ்பராணி எழுந்து போய் அடுப்பைத் தணித்தாள்.

"மகன் வந்த கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போனவர். ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை எண்டு அந்த டொக்டர் கேட்டார். ரத்தம் சுத்தமாக்கிற மிசினில போட்டவை. நெஞ்சு தாங்கேல்லை."

"அப்ப சீனர்?"

"செத்தவீட்டில வாகீசன் கேட்டான், அப்பாவை என்னம்மா கொண்டது எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? நீதான் எண்டோ? உன்னைக் கனடாவுக்கு எடுக்கத்தான் அப்பா செத்தவர் எண்டோ? பத்தொன்பது வயசுப் பிள்ளை அண்ணை. சாகுமட்டும் அதைக் காவித் திரியிறதோ? சட்டிக்குள்ள அந்த வேர் கிடந்துது. வாயில வந்தது அதுதான்."

"அந்தச் சீனர்தான் உங்கட மனுசனைப் பாத்த நேரமெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போ எண்டு ஏசின ஆள்," என்றார் கிறிஸ்துநாயகம்.

அவள் நிமிர்ந்தாள். "அவர் அப்பிடிச் சொன்னவரோ? இவர் எனக்கு... இவர் என்னட்டச் சொன்னது, சீனன் எல்லாம் சுகம் வருகுதாம் எண்டு." முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "என்னையும் ஏமாத்திப்போட்டுப் போயிருக்கிறார்."

"நாளைக்குச் சனிக்கிழமை. உங்கட மகன் அந்தக் கடைக்குப் போற நாள். வெயர்ஹவுசில பெட்டி வெட்டுற கத்தி அவற்ற பொக்கற்றில இருக்கும். நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லவேண்டிவரும் தங்கச்சி."

"நான் சொல்லுறன்," என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மகனுக்குச் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு மூடி வைத்தாள். பிறகு காத்திருந்தார்கள்.

வாகீசன் வந்தான். நெடுத்த, மெலிந்த பொடியன். விரலில் பிளாஸ்ரர். ஆட்களைக் கண்டதும் கதவருகே நின்றான்.

"இவை ஆரம்மா?"

"அப்பாவின்ர விசயமா விசாரிக்கிற ஆக்கள். இரு." அவன் இருக்கவில்லை. அவள் அவனுக்கு நேரே நின்றாள். குரல் நடுங்கவில்லை. "சீனனில பிழையில்லை. அந்த மனுசன் அப்பாவை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது. நான்தான் விடேல்லை."

கிறிஸ்துநாயகம் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார்.

"மிசினில போட்டா ஆள் தப்பாது எண்டு எனக்குப் பயம். வேண்டாம், இந்தக் கசாயமே காணும் எண்டு நான்தான் மறிச்சன். அப்பா போகக் கேட்டவர். நான் விடேல்லை. பிறகு பழியைச் சீனனில போட்டன்."

"எவ்வளவு காலம்?"

"நீ வருமட்டும்."

 வாகீசன் கிறிஸ்துநாயகத்தின் பக்கம் திரும்பினான். கண்கள் கெஞ்சின.

"ஐயா, நீங்கள் விசாரிச்சனீங்கள். அம்மா சொல்லுறது உண்மையோ?"

அவனுக்குப் பின்னால் நின்ற இராஜேஸ்வரி கையைக் கூப்பவில்லை, தலையை ஆட்டவில்லை. வெறுமனே அவரைப் பார்த்தாள். முப்பது வருடமாக உண்மையைத் தோண்டியெடுத்துப் பிழைத்த மனிதர் மடியில் கிடந்த தொப்பியின் விளிம்பைத் தடவினார்.

"ஓம் தம்பி," என்றார். "உண்மை."

அவன் உள்ளே போனான். அலுமாரிக் கதவு திறந்து மூடியது. தோளில் ஒரு பையோடு வெளியே வந்தான்.

"பிறம்ரனில பொடியளோட இருக்கப்போறன்," என்றான். பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னான்: "அப்பா உங்களை நம்பினவர்."

கதவு மூடிக்கொண்டது. மூடி வைத்த சோறு மேசையில் இருந்தது.

 லிப்ட் வந்து நின்று, திறந்து, இறங்கிப்போகும் சத்தம் சுவர் வழியே கேட்டது. இராஜேஸ்வரி குசினித் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து, கழுவுவதற்கு ஒன்றும் இல்லாமல் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். யன்னல் அவளுக்கு இரண்டு எட்டுத் தூரம். அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

"பிள்ளை," என்று புஸ்பராணியைக் கூப்பிட்டாள். "ஒருக்கா எட்டிப் பாரும். தொப்பி போட்டிருக்கிறானோ?"

புஸ்பராணி யன்னலுக்குப் போனாள். கீழே பனி சாய்வாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாகீசன் ஷேர்போர்ண் வீதியைக் கடந்துகொண்டிருந்தான். பதினாறு மாடி உயரத்திலிருந்து பார்த்தபோதும், அவனுடைய கறுத்த வெறுந்தலையில் பனி வெள்ளையாக விழுந்து தங்குவது தெரிந்தது.

"போட்டிருக்கிறார் அக்கா," என்றாள் புஸ்பராணி. "காதையும் மூடித்தான் போட்டிருக்கிறார்."